உம் கொட்டிய பாடகி

போன மாதம் உங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் கணினியில் ஒரு படத்துக்குத் தமிழ் வசனம் போட்டுக்கொண்டிருந்தான். பின்னால் நின்று பார்த்தேன். திரையில் ஒருவர் ஏதோ சொல்லிக்கொண்டே போக, எதிரில் இருந்தவர் "ம்ஹ்ம்" என்றார். தம்பி "ஆமாம்" என்று தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டான்.

"தம்பி, அவர் ஆமாம் எண்டு சொன்னவரோ?" என்று கேட்டேன்.

"அங்கிள், இட்ஸ் ஜஸ்ட் எ சவுண்ட். ஆரும் கவனிக்க மாட்டினம்."

நல்ல பிள்ளை. எனக்குத் தேத்தண்ணியும் போட்டுத் தந்தான். ஆனாலும் விட்பியில் இருக்கும் என் வீட்டுக்கு ரயிலில் திரும்பும் வழி முழுக்க அந்த 'ஆமாம்' என்னை அரித்துக்கொண்டே வந்தது. அதனால்தான் இதை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். வேலையை எப்படிச் செய்வதென்று சொல்லித்தர எனக்கு ஒன்றுமில்லை, அந்தப் பொத்தான்கள் எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். நான் சொல்ல வருவது ஒரு சத்தத்தின் கதை.

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில், தமிழும் ஆங்கிலமும் ஓரளவு தெரிந்தவனுக்கு இரண்டு வேலைகள் காத்திருந்தன. ஒன்று, அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பது. மற்றது, பல இனத்தவருக்கும் நிகழ்ச்சி போடும் தொலைக்காட்சிக்காகப் படங்களைத் தமிழாக்கிக் குரல் கொடுக்கவைப்பது. நான் இரண்டையும் செய்தேன். காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருவருடைய கண்ணீரை ஆங்கிலமாக்குவேன். பின்னேரம் அதே கோட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டு, யாரோ ஒரு நடிகனுடைய கோபத்தைத் தமிழாக்குவேன். இரண்டுக்கும் நடுவில் ரயிலில் நின்றபடியே சாப்பாடு.

எங்கள் கலையகம் டன்டாஸ் வீதியில், ஒரு தளபாடக் கடைக்கு மேலே இருந்தது. போர்த்துக்கேயர் இறங்க நாங்கள் ஏறுவோம், நாங்கள் இறங்கப் பஞ்சாபிக்காரர் ஏறுவார்கள். ஸ்காபரோவிலிருந்து வரும் யாராவது ஒருவர் மட்டன் ரோல்ஸ் கொண்டுவராத நாளே கிடையாது. எண்ணெய்க் கையோடு மைக்கைத் தொடக்கூடாது என்று சுவரில் ஐந்து மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தது. பனிக்காலத்தில் வெப்பக்குழாய் 'டக் டக்' என்று அடிக்கத் தொடங்கினால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அது ஓயும்வரை காத்திருப்போம். அப்படிக் காத்திருந்த நேரங்களில் பேசியதும் சிரித்ததும்தான் இப்போது அதிகம் நினைவுக்கு வருகின்றன. அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போகும்போது இன்னமும் தலை தானாக மூன்றாம் மாடி இருந்த உயரத்துக்கு நிமிர்கிறது. ஒரு நாளைக்குத் திரும்பக் கிடைக்குமென்றால் நான் ஓடிப்போய்விடுவேன்.

கலையகத்தை நடத்தியவர் சிலி நாட்டுக்காரர். அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது ஓடிவந்தவர். எங்களுக்கு அவர் 'சிலி அண்ணை'. அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்றே சொற்கள்: ஓம், இல்லை, ரோல்ஸ். அவருக்குப் பைத்தியம் ஜாஸ் பாட்டு. ஒருநாள் ஒரு படச்சுருளைக் குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். ஜாஸ் பாடகி ஒருத்தியின் வாழ்க்கைக் கதை. பெரிதாக ஓடாத படம். அதைத் தன் கலையகத்துக்கு வரும் எல்லா மொழிகளிலும் போடவேண்டும் என்று தொலைக்காட்சிக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தார்.

கதை இதுதான். அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண். இரவு விடுதிகளில் பாடுகிறாள். தன் சனத்துக்கு நடக்கும் அநியாயத்தைப் பாட்டில் சொல்லிவிடுகிறாள். அரசாங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. அவள் பின்னால் ஆள் வைக்கிறார்கள், விடுதிகளில் பாடும் அனுமதியைப் பறிக்கிறார்கள், வெளிநாடு போகவும் விடுவதில்லை. கடைசியில் ஒரு அறையில் உட்காரவைத்து, அவள் வீட்டுக்கு வந்துபோன ஆட்களின் பெயர்களை வாசிக்கிறார்கள். அவளுக்கு ஒரு பழக்கம். யார் எதைச் சொன்னாலும் 'ம்ஹ்ம், ம்ஹ்ம்' என்று ராகம்போல முனகிக்கொண்டே கேட்பாள். பியானோக்காரர் புது மெட்டைச் சொல்லும்போதும் அப்படித்தான், அந்த அறையிலும் அப்படித்தான். பக்கத்தில் குறிப்பெடுப்பவர் ஒவ்வொரு ம்ஹ்முக்கும் 'ஆம்' என்று எழுதிக்கொள்கிறார். அடுத்த நாள் ஊரெல்லாம் அவள் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்ற பேச்சு. பியானோக்காரர் அவளுக்குக் கதவைத் திறக்கவில்லை.

பாடகிக்குத் தமிழில் குரல் கொடுக்க நான் கூட்டிவந்தவர் ஜெசிந்தா. மன்னார்ப் பிள்ளை. அங்கே கோயில் பாடகர் குழுவில் பாடியவள். இங்கே மல்வேர்னில் சின்ன மகளோடு ஒரு வாடகை அறையில் இருந்தாள். அதிகாலையில் பஸ் பிடித்துப்போய் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை, முடிந்ததும் எங்களிடம் வருவாள். அவள் முடியில் எப்போதும் கொஞ்சம் மா ஒட்டியிருக்கும். பாட்டுகளை நாங்கள் தமிழாக்கவில்லை, பேச்சை மட்டும்தான். ஆனாலும் காதில் பாட்டுப் போகும்போது ஜெசிந்தா மைக்கை விட்டு விலகி நின்று மெதுவாகக் கூடவே முனகுவாள். சிலி அண்ணை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். முனகலை நிறுத்தச் சொல்லி நாங்கள் இருவருமே ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

அந்த விசாரணைக் காட்சி வந்தது. நான் எழுதியிருந்தபடி, ஒவ்வொரு பெயருக்கும் ஜெசிந்தா "ஓம்... ஓம்..." என்றாள். கேட்க எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நம்மவர் ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அதே சத்தம்.

சிலி அண்ணை நாடாவை நிறுத்திவிட்டார்.

"ஏன் அவள் ஓம் என்கிறாள்? ஓம் என்றால் ஆம் அல்லவா? என் பாடகியைத் துரோகி ஆக்கிவிட்டாயே!"

"இல்லை, இது அந்த ஓம் இல்லை" என்றேன்.

"எத்தனை ஓம் வைத்திருக்கிறீர்கள்?"

நியாயமான கேள்விதான். யாழ்ப்பாணத்து ஓம் இரண்டு வகை என்று விளக்கத் தொடங்கினேன். ஒன்று சம்மத ஓம். மற்றது ரெலிபோன் ஓம், 'கேக்குது, சொல்லுங்கோ' என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். மனிசி சொல்லச் சொல்ல ஓம் ஓம் என்று தலையாட்டும் புருஷன் ஒன்றுக்குமே சம்மதித்தவன் இல்லை என்பது ஊருக்கே தெரியும். சென்னையிலிருந்து வந்தவர்கள் நாம் ரெலிபோனில் கதைப்பதைப் பார்த்து, யாரோ மந்திரம் சொல்கிறார்கள் என்று நினைத்த கதையையும் சொன்னேன். கதை கேட்கும் பிள்ளை 'ம்... ம்...' என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சொல்பவர் நிறுத்திவிடுவார், அதற்கு எங்களிடம் 'உம் கொட்டுவது' என்று பெயரே இருக்கிறது என்றேன்.

"பெயரே இருக்கிறதா?" அவருக்குப் பெரிய சந்தோஷம். "அப்படியென்றால் அவள் உம் கொட்டட்டும். ஓம் வேண்டாம்."

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். ஜெசிந்தா சிரிக்கவில்லை. காதில் இருந்ததைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, அப்ப நாங்கள் ஓம் எண்டு சொன்னா, இவை 'யெஸ்' எண்டோ எழுதுவினம்?"

"வேற என்னெண்டு எழுதுறது பிள்ளை?"

"எல்லா ஓமுக்கும்?"

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தோம். அடுத்த கிழமை அவளுக்கு அகதி விசாரணை இருப்பது எனக்குத் தெரியும். அதில் என்ன சிக்கல் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நான் ஆயுதக்காரருக்கு விரும்பிச் சமைச்சுக் குடுத்தனான் எண்டு சொன்னதா முதல் நேர்காணல்ல எழுதிக் கிடக்காம் அண்ணை. ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள் எண்டு லோயர் அம்மா கேக்கிறா. நான் சொல்லேல்லை. சொல்லாத ஒண்டு எப்பிடி அங்க வந்தது எண்டு இவ்வளவு நாளும் மண்டையைப் போட்டு உடைக்கிறன்."

"என்ன நடந்தது, ஒழுங்காச் சொல்லும்."

"அவை கேக்கிறதை ரெலிபோன்ல ஒரு ஆள் தமிழ்ல மொழிபெயர்த்துச் சொன்னவர். லைன் ஒரே இரைச்சல். அவர் ஒவ்வொண்டாச் சொல்லச் சொல்ல, கேக்குது எண்டு ஓம் போட்டுக்கொண்டிருந்தனான். 'உங்கட வீட்டுக்கு அவை வந்தவை', ஓம். 'சமைச்சுக் குடுத்தனீங்கள்', ஓம். 'விரும்பித்தான் குடுத்தனீங்கள்', ஓம். முழுக்கக் கேட்டுப்போட்டுச் சொல்லுவம் எண்டு இருந்தனான். துவக்கோட வந்து முத்தத்தில நிண்டா, ஆர் அண்ணை சமைக்க மாட்டன் எண்டு சொல்லுறது? அதைச் சொல்ல வாயைத் திறக்க, அவர் அடுத்த கேள்விக்குப் போயிட்டார்."

இதை நம்பாவிட்டால் அவளையும் மகளையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சிலி அண்ணைக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் வேலையை நிறுத்தலாம் என்று சைகை காட்டினார். ஜெசிந்தாதான் எழும்பினாள். "இல்லை, இதை முடிச்சிட்டுப் போவம். படத்தில இருக்கிற அந்தப் பாவியையும் உப்பிடியே விட்டிட்டுப் போறதே?" என்றாள். நாடா ஓடியது. ஒவ்வொரு பெயருக்கும் அவள் உம் கொட்டினாள். சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை, இருக்கிறேன் என்று சொல்வது மட்டும்தான் அந்தச் சத்தம். நான் செய்த இத்தனை வருட வேலையில் அதைவிடச் சரியான மொழிபெயர்ப்பைக் கேட்டதில்லை, அதில் ஒரு சொல்கூட என்னுடையதில்லை.

மறுநாள் அவளுடைய வழக்கறிஞர் அம்மா என்னை அழைத்தார். மொழி பற்றிச் சாட்சி சொல்ல வரமுடியுமா என்று கேட்டார். உடனே 'வருகிறேன்' என்று சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எங்களுக்கு விசாரணை வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் பெண்மணி நல்லவர், என் மேல் அக்கறை உள்ளவர். "மொழிபெயர்ப்பாளர் எந்தப் பக்கத்துக்கும் ஆள் இல்லை. ஒருமுறை சாட்சிக் கதிரையில் உட்கார்ந்தால் பிறகு உங்களைக் கூப்பிட யோசிப்பார்கள்" என்றார். அதுவும் உண்மை. இன்னொன்றும் இருந்தது. ரெலிபோனில் பேசிய அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் ஓம் என்றால் யெஸ் என்று அவர் சொன்னதை எந்த அகராதியும் பிழை என்று சொல்லாது. முகம் தெரியாத ஒரு தொழில்காரனுக்கு எதிராக நான் ஏன் போகவேண்டும்?

இதையெல்லாம் சிலி அண்ணையிடம் புலம்பினேன். அவர் சுருளைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் படத்தில், அந்த அறையில் ஒரே ஒரு பாட்டுக்காரன் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?"

"என்ன நடந்திருக்கும்?"

"அவள் உம் கொட்டுகிறாள் என்று சொல்லியிருப்பான். படம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும்."

உம் கொட்டுவது என்பதைத் தமிழிலேயே சொன்னார். நான்காவது சொல். நான் போய் வழக்கறிஞருக்கு ரெலிபோன் எடுத்தேன்.

விசாரணை அறை சின்னது. யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட, மரியாதையான மனிதர். அன்றைய மொழிபெயர்ப்பாளர் ரெக்ஸ்டேலிலிருந்து வந்த இளம்பெண், சென்னையில் படித்தவர். தொழிலுக்குப் புதிது. எங்கள் தமிழைக் கேட்கும்போது புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கவனமாகக் கேட்பார்.

நான் தயாரித்துக்கொண்டு போன விளக்கத்தை எல்லாம் சொன்னேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"அந்தச் சொல்லுக்கு 'ஆம்' என்றும் பொருள் உண்டுதானே?"

"உண்டு."

"நீங்களே இந்த அறைகளில் அதை 'ஆம்' என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள்?"

"பல தடவை."

"அப்படியானால் எது எந்த ஓம் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டால் தெரியும்" என்றேன். நேர்காணலின் ஒலிப்பதிவு இல்லை. கேட்பதற்கு எதுவும் இல்லை. வழக்கறிஞர் அம்மாவின் தோள்கள் தொய்ந்ததைக் கண்டேன். உதவி செய்ய வந்து, இருந்ததையும் கெடுத்துவிட்டேனே என்று நினைத்தேன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இந்த ஓம் குழப்பம் எனக்கும் ஜெசிந்தாவுக்கும் எப்படித் தெரியவந்தது என்று கேட்டார். சொல்வதற்கு என்னிடம் வேறு ஒன்றும் மிஞ்சவில்லை. படத்தின் கதையைச் சொன்னேன். பாடகியைப் பற்றி, அவளுடைய பழக்கத்தைப் பற்றி, பின்னால் திரிந்த ஆட்களைப் பற்றி. அவர் சாய்ந்து உட்கார்ந்தார். அவருக்கும் ஜாஸ் பிடிக்குமோ என்னவோ. அந்த அறை, வாசித்த பெயர்கள், எழுதப்பட்ட 'ஆம்', திறக்காத கதவு. கடைசிவரைக்கும் அவளிடம் யாரும் 'நீ அப்படித்தான் சொன்னாயா' என்று திருப்பிக் கேட்கவேயில்லை என்று முடித்தேன். நான் சொல்வதையெல்லாம் அந்த இளம்பெண் ஜெசிந்தாவின் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலக் கையை உயர்த்தினாள்.

"நான் ஒண்டு கேக்கலாமோ?"

வழக்கறிஞர் அம்மா பயந்துபோய்த் திரும்பினார். அதிகாரி, கேளுங்கள் என்றார்.

"ஐயா இவ்வளவு நேரமும் ம்ஹ்ம், ம்ஹ்ம் எண்டுகொண்டிருந்தவர். அண்ணை சொன்னது முழுக்க ஐயாவுக்குச் சம்மதம் எண்டு நான் எழுதிக்கொள்ளலாமோ?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த இளம்பெண்ணைப் பாருங்கள். தீர்ப்புச் சொல்லப்போகிறவரின் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய வசனமா அது? சற்றுத் தணித்து, 'சாட்சி சொன்னது உங்களுக்கு விளங்குகிறதா என்று கேட்கிறார்' என்று மாற்றியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் சாட்சி, வாயைத் திறக்கக்கூடாது. பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு சொல் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னார். அந்த இரண்டு 'ம்ஹ்ம்'களையும் விடவில்லை. அதிகாரி முனகிய அதே இழுவையில், அதே ஏற்ற இறக்கத்தில் சொன்னார்.

அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். 'ம்' என்று தொடங்கி, அப்படியே விழுங்கினார். காது சிவந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் மெதுவாக ஒரு வசனம் சொன்னார். இளம்பெண் ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார்.

"இல்லை. நான் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

"அதுதான் ஐயா" என்றாள் ஜெசிந்தா. "நானும்."

அந்த ஒரு சொல்லுக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாட்சிக்கு அழ அனுமதி உண்டா என்று யாரிடமும் கேட்கவில்லை, அழுதேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அந்தப் பழைய கேள்விகளைத் தானே மறுபடியும், ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டுவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டு, அவள் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். முற்றத்தில் நின்ற ஆட்களை, துவக்குகளை, அவர்களுக்காக மூட்டிய அடுப்பை ஜெசிந்தா சொன்னாள். இளம்பெண் ஆங்கிலமாக்கினார். வழக்கமாகத் தீர்ப்புத் தபாலில்தான் வரும். அன்று அவர் சிறிது நேரம் வெளியே போய்வந்து, அந்த அறையிலேயே வாயால் சொன்னார். ஜெசிந்தாவின் கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்படுகிறது, அவளும் மகளும் இந்த நாட்டில் இருக்கலாம். சொல்லிவிட்டு, விளங்கியதா என்று கேட்டார்.

"ஓம்" என்றாள் ஜெசிந்தா. உடனே பதறிப்போய் இரண்டு கையையும் மேசையில் ஊன்றி எழும்பினாள். "ஐயா, இது சும்மா கேக்கிற ஓம் இல்லை. இது உண்மையான ஓம். இதை எழுதுங்கோ."

எல்லோரும் அந்த இளம்பெண்ணைப் பார்த்தோம். அவர் ஆங்கிலத்தில் சொல்ல வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி முயன்றார், அப்போதும் வரவில்லை.

அதிகாரி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"வேண்டாம்" என்றார். "இது எனக்கு விளங்கிவிட்டது."